பிரேக்கை முதலில் பார், கூட்டாளி

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. வீட்டில் இவளுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். காலையும் மாலையும் புளோக்குக்குக் கீழே கைத்தாங்கலாக ஒரு சுற்று. அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. பெரிய பேரன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். மொட்டைத் தலையோடு முதல் விடுப்பில் வந்து நின்றபோது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. தங்கச்சியை ரொம்ப விசாரித்ததாகச் சொல். இவளும் கேட்டாள்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

படங்களை இவளுடைய கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 1974 ஃபோல்க்ஸ்வேகன் கோம்பி வேன், அதுவும் பெர்த் கடற்காற்றில் இருந்தும் கூரை ஓரத்தில் துரு இல்லாமல். நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறாய். நாற்பது வருஷம் ஆசைப்பட்டது கையில் வந்திருக்கிறது, எனக்கே வாங்கியது மாதிரி சந்தோஷம். ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "போர்ஷே 911-இன் 3.2 லிட்டர் எஞ்சின் ஒன்று கிடைக்கிறது, பின்னால் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நாலைந்து முறை படித்தேன்.

உனக்கு ஏன் அந்த ஆசை என்று எனக்குத் தெரியாதா? செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து, அப்பர் தாம்சன் சாலைக்கு நாம் கிராண்ட் பிரீ பார்க்கப் போவோமே. கால்வாய்க்கு அந்தப் பக்கம் லாலான் புல்லுக்குள் நின்றுகொண்டு, கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தத்தை வைத்து இது எத்தனை சிலிண்டர் என்று நீ பந்தயம் கட்டுவாய். 1973-தான் கடைசி. அதற்கப்புறம் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். 2008-இல் மரினா பேயில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் திரும்ப வந்தபோது மகன் டிக்கெட் வாங்கிக் கொடுத்தான், போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் டெவில்ஸ் பெண்ட் வளைவில் கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு திரும்பும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் தனியாக இருக்கிறது. காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் உன் முதுகுக்குப் பின்னால் உறுமவேண்டும் என்று நீ நினைப்பது தப்பே இல்லை.

ஆனால் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பெர்த்துக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து நடந்தது, 1986-இல்.

ஜோகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் 1969 கோம்பி இருந்தது. 1600 எஞ்சின், 47 குதிரைத்திறன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் போனால் பின்னால் வருகிற லாரியெல்லாம் ஒலியெழுப்பும். அந்தச் சமயத்தில் மோதி நொறுங்கிய ஒரு போர்ஷே 912-இன் எஞ்சின் மலிவாக வந்தது. அதுவும் 1582 சிசிதான், நாலு சிலிண்டர்தான், ஆனால் 90 குதிரைத்திறன். அதன் பூர்வீகமே ஃபோல்க்ஸ்வேகன் எஞ்சின்தானே, கோம்பி கியர்பாக்ஸில் பெரிய மல்லுக்கட்டு இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வாரக் கடைசியில் வேலை முடிந்தது. இரட்டை சோலெக்ஸ் கார்புரேட்டரை ராத்திரி பதினொரு மணிக்கு ட்யூன் பண்ணி முடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டியபோது, வாத்தியார் குழந்தை மாதிரி கை தட்டினார்.

வண்டியைச் சோதித்துப் பார்க்க கெந்திங் மலைக்குப் போனோம். வாத்தியார், அவர் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். ஓட்டியது நான். ஏறும்போது சொர்க்கம். மூன்றாவது கியரிலேயே ஏறியது. இறங்கும்போதுதான் தப்புப் பண்ணினேன். வாத்தியாராக இருந்தால் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கியிருப்பார். நான் எஞ்சினின் தெம்பில், வளைவுக்கு வளைவு வேகமெடுத்து, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறக்கினேன். அந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

முதலில் நாற்றம் வந்தது. முடி கருகுவது மாதிரி. அடுத்த வளைவில் பெடல் பாதி வரை போனது. அதற்கடுத்த வளைவில் தரையைத் தொட்டது. டிரம் சூடேறினால் விரியும், உள்ளே இருக்கும் பிரேக் ஷூ அதைத் தொட இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும், தொட்டாலும் கருகின லைனிங் பிடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம். தெரிந்து என்ன செய்ய? இரண்டாவது கியரில் அடித்துத் திணித்தேன், எஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் அதே சூடான பின் டிரம்தானே, பாதிதான் கேட்டது. கடைசியில் இடது பக்கச் சக்கரத்தை மலையோரக் கால்வாய்க் கட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மூத்த பெண் என் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். இறங்கச் சொல்லியும் விரலை எடுக்கவில்லை. அவள் அம்மாதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

வாத்தியார் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார், சக்கரத்தில் ஊற்ற. கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விட்டுவிடும். ஒரு மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த மாதமே முன்பக்கத்தை டிஸ்க்காக மாற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. அந்தப் பெண் இப்போது கோலாலம்பூரில் வக்கீல். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் கண்ணில் வரும்.

90 குதிரைத்திறனுக்கே அந்தப் பாடு. நீ மாட்ட நினைப்பது 231.

உன் 1974 வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருக்கிறது, அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் கணக்கைப் பார். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை 110-இல் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் கூடுகிறது, நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த டிஸ்க்கை 68 குதிரைத்திறனுக்குத்தான் கொடுத்தார்கள். நீ மார்கரெட் ரிவருக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவேன் என்கிறாய். ஓட்டுபவனின் முட்டிக்கு முன்னால் ஒரு தகரம்தான் இருக்கிறது அந்த வண்டியில், மறந்துவிடாதே. அதோடு சாயங்காலம் ஃப்ரிமேண்டல் டாக்டர் என்கிற கடற்காற்று பக்கவாட்டில் அடிக்குமே, சுவர் மாதிரி நிமிர்ந்த உடம்பு, 110-இல் எப்படித் தள்ளும் என்று யோசி.

போர்ஷேக்காரர்களே செய்திருக்கிறார்களே என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். ஆமாம், 1980-களின் நடுவில் பத்து வண்டி போல இதே 3.2 எஞ்சினை வைத்துக் கட்டினார்கள், பி32 என்று. 200-க்கு மேல் ஓடும். ஆனால் அது 1979-இல் வந்த அடுத்த தலைமுறை வண்டி, அகலமான உடம்பு, பெட்ரோல் டாங்க் முன்பக்கம். உன் வண்டியில் டாங்க் எஞ்சினுக்கு ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. எந்த எஞ்சினை வைத்தாலும் சரி, முதல் வேலையாகப் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்று. இந்த வாரமே. பழைய ஹோஸை இரண்டு விரலால் மடக்கிப் பார், மடக்கின இடத்தில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் அது எப்போது வேண்டுமானாலும் போகும். டாங்கிலிருந்து வரும் ஹோஸை எஞ்சினை இறக்கினால்தான் நன்றாகப் பார்க்க முடியும், அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எத்தனை கோம்பி எரிந்து எலும்புக்கூடாக நின்றிருக்கிறது தெரியுமா, முக்கால்வாசி இந்த இரண்டு வெள்ளி ரப்பரால்தான் என்பது என் அனுபவம்.

அப்புறம் காற்று. மற்றவர்கள் அடாப்டர், ஃபிளைவீல், கிளட்ச் என்று அதிலேயே கிடப்பார்கள். அதெல்லாம் தகடும் போல்ட்டும், செய்துவிடலாம். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மூச்சுதான் உயிர். எஞ்சினைச் சுற்றி ஒரு தகரத் தட்டு இருக்கும், அதன் விளிம்பில் ரப்பர் சீல். அந்தத் தட்டுக்கு மேலே குளிர்ந்த காற்று, கீழே சைலன்சர் சூடு. சீலில் கட்டைவிரல் அளவு இடைவெளி விட்டாலும் கீழே உள்ள சூட்டை விசிறி மேலே இழுத்துத் திரும்பத் திரும்ப எஞ்சின் மேலேயே ஊதும். 3.2 எஞ்சின் உன் 1800-ஐவிட நீளம், பின்பக்கத் தகரத்தை வெட்ட வேண்டிவரும், அப்படி வெட்டினால் அந்தத் தட்டையும் புதிதாக அடிக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளைகள் அத்தனை பெரிய விசிறிக்குப் போதாது. அதற்கு ஆயில் டாங்க் வேறு தனியாக, பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும், குளிர்விக்க முன்னால் ஒரு கூலர். பெர்த் கோடையில் 40 டிகிரியில் இதை யோசிக்காமல் ஓட்டினால் முதல் வாரத்திலேயே ஆயில் கொதிக்கும்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அது ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு மேடு இழுப்பதற்காகச் செய்த பெட்டி. 3.2 கொடுக்கும் 284 நியூட்டன் மீட்டர், உன் எஞ்சின் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு சிக்னலில் ஆசைப்பட்டு மிதித்தால் போதும், பல் போய்விடும்.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். உன்னிடம் இப்போது இருக்கும் 1800 எந்தக் குடும்பம் தெரியுமா? போர்ஷே 914-இல் இருந்த அதே டைப் 4 எஞ்சின் குடும்பம். அதே குடும்பத்தில் இரண்டு லிட்டர் உண்டு. கோம்பியில் 70 குதிரைத்திறனாக வந்தது, 914-இல் வேறு ஹெட்டும் பிஸ்டனும் போட்டு 100 ஆக வந்தது. அந்த வகையில் ஒன்று கட்டினால் அளவு மாறாது, தகரம் வெட்ட வேண்டாம், காற்றுத் தட்டு அப்படியே இருக்கும், உன் கியர்பாக்ஸும் தாங்கும். பின்னாலிருந்து வரும் சத்தமும் போர்ஷே சத்தம்தான். நாலு சிலிண்டராக இருந்தால் என்ன?

இல்லை, ஆறுதான் வேண்டும் என்று நீ சொன்னாலும் நான் கோபிக்கமாட்டேன். அப்படியென்றால் வரிசையை மாற்றாதே: நாலு சக்கரத்திலும் பெரிய டிஸ்க், ஸ்டப் ஆக்ஸிலும் புஷ்ஷும் புதிது, பிறகு ஆயிலும் காற்றும், பிறகு கியர்பாக்ஸ். எஞ்சின் கடைசியாக வரட்டும், அதுவரை கொட்டகையில் துணி போர்த்தி வை. வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, மாற்றத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பேசு. முடித்துவிட்டுக் காட்டினால் பிரித்துப் போடச் சொல்வார்.

இங்கே உனக்கு அந்த வாய்ப்பே கிடையாது, தெரியும்தானே. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எஞ்சினைத் தொட முடியாது. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சிஓஇ, அதுதான் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், அது மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. காக்கி புக்கிட்டில் என் பழைய பட்டறைக்கு வாரம் ஒரு நாள் போகிறேன், என்னிடம் வேலை கற்ற பையன்தான் இப்போது நடத்துகிறான். அங்கே ஒருவர் 70-களின் கோம்பி வைத்திருக்கிறார், பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிந்தது, வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். அந்த 45 நாளையும் நாள்காட்டியில் வட்டம் போட்டுச் சேமித்துச் செலவழிக்கிறார். உனக்கு அங்கே வருஷம் முழுக்கச் சாலை இருக்கிறது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையையும் 2017-இல் மூடிவிட்டார்கள். நீயும் நானும் சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட் தேடி முட்டி போட்டு உட்கார்ந்த இடத்தில் இப்போது சந்தை இல்லை.

டிசம்பரில் மகன் பெர்த்துக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறான். இவளுடைய முட்டி தேறினால் இருவரும் வருகிறோம், இல்லாவிட்டால் நான் மட்டும் இரண்டு வாரம். என் டார்க் ரெஞ்சும் டயல் கேஜும் பெட்டியில் வரும். அதற்குள் நீ செய்ய வேண்டியது: பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்று. கியர்பாக்ஸின் அடியில் துடைத்துவிட்டு அங்கே அடித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. முன் டிஸ்க்கின் தடிமனை அளந்து எழுது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா என்பதையும் மறைக்காமல் சொல்.

உன் கூட்டாளி
சிங்கப்பூர்