கையெழுத்து வாங்கும் வேலை

அன்புள்ள பிரபுவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிணற்று மோட்டார் மாற்றியாயிற்று. போன வாரம் செல்வியக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். உன்னை ஃபேக்டரியில் பார்த்ததாகச் சொன்னான். வேறு என்னவோவும் சொன்னான், அதை விடு. போன் பண்ணினால் "நல்லாத்தாம்மா போகுது" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் என்று கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதில் ஒன்றை அப்பா பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கெல்லாம் காட்டுகிறார். இருக்கட்டும். ஆள் வருகையும் சம்பளக் கணக்கும் பார்க்கும் மில் டைம் ஆபீஸில் நாங்கள் பார்த்த அதே வேலைதான் உன் ஒரகடம் ஃபேக்டரியில் கம்ப்யூட்டரில் நடக்கிறது.

ஆள் சேரும் நாளில்தான் பாதித் தப்பு நடக்கிறது. ஆதாரில் "முருகன் எஸ்" என்று இருக்கும், பள்ளிச் சான்றிதழில் "எஸ். முருகன்", பாஸ்புக்கில் "முருகன் சுப்பிரமணி". நமக்கு ஒரே ஆள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) போர்ட்டலுக்கு மூன்று ஆள். பயோடேட்டாவைப் பார்த்து டைப் அடிக்காதே, ஆதாரை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடி. பிறந்த தேதியும் அப்படியே. இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் இன்றைக்கு யாருக்கும் உறைக்காது. பத்து வருஷம் கழித்து அந்த ஆள் மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்கும்போது கிளெய்ம் திரும்பி வரும். அப்புறம் அந்த ஆளும் கம்பெனியும் திருத்த மனு என்று அலைய வேண்டும். அதோடு, "இதுக்கு முன்னாடி எங்கேயாவது பி.எஃப். பிடிச்சாங்களா?" என்று கேட்பதோடு விடாதே. காண்ட்ராக்டர் பிடித்தது அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். பழைய சம்பளச் சீட்டைக் கேள், போர்ட்டலிலும் தேடு. ஒரு ஆளுக்கு இரண்டு யு.ஏ.என்., அதாவது இரண்டு பி.எஃப். நம்பர் விழுந்தால் பென்ஷனுக்கான பத்து வருஷ சர்வீஸ் துண்டு துண்டாகக் கிடக்கும்.

ஜாயினிங் ஃபைலில் பத்துப் பதினைந்து தாள் இருக்கும். எந்தத் தாளிலும் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்காதே. தேதிக் கட்டம் உட்பட. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்களுக்கு ஆங்கிலப் படிவம் வெறும் கோடுதான், அவர்கள் பாஷை தெரிந்த ஒருவனை வைத்துப் படித்துச் சொல்லச் சொல். அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கம் அங்கே இருந்தால் அதில் நீ கை வைக்காதே. நகலில் "அசலுடன் ஒப்பிட்டேன்" என்று எழுதிவிட்டு அசலை அப்போதே திருப்பிக் கொடு.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நம்பரை, ஆள் சேர்ந்த அன்றே எடுத்துவிடு. மெஷினில் விரல் போவதற்கு நாள் கணக்கு கிடையாது, மூன்றாம் நாளும் போகும். நம்பர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி உன் மேஜைக்குத்தான் வரும். குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களுக்கு அங்கேயே டிஸ்பென்சரி போடலாம் என்பதைப் பாதிப் பேர் சொல்வதே இல்லை, நீ சொல். பிடித்தம் ஆளிடம் 0.75 சதவீதம், கம்பெனி 3.25. பதினெட்டாயிரத்து நானூறு சம்பளத்துக்கு 138 ரூபாயும் 598 ரூபாயும். சம்பளம் இ.எஸ்.ஐ.யின் 21,000 வரம்பை ஜூனில் தாண்டினால் ஜூனிலேயே நிறுத்திவிடுவது புது ஆட்கள் செய்கிற தப்பு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டம், அது முடியும்வரை பிடிக்க வேண்டும்.

பி.எஃப். உனக்குத் தெரியும். 15,000-க்கு ஆள் பங்கு 1,800. கம்பெனி பங்கு 1,800-இல் 1,250 பென்ஷனுக்குப் போய் 550-தான் பி.எஃப்.பில் சேரும். "கம்பெனி பாதியைத் தின்னுடுச்சு" என்று சண்டைக்கு வருவார்கள், பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. பேங்க் லீவு வந்தால் மாட்டிக்கொள்வாய், 12-ஆம் தேதியே முடித்துவிடு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. நான் படித்த பிரிவு எண்ணெல்லாம் இனி உதவாது, நீ புதிதாகப் படித்துக்கொள். எல்லோருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும், வேலையை விட்டவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது. லேபர் லா டிப்ளமோவுக்கு இந்த வருஷமாவது பணம் கட்டு. எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் எக்ஸிகியூட்டிவாக இருப்பாய்?

ஓ.டி. (ஓவர்டைம்) சீட்டிலும் அந்த வெற்றிடக் கதைதான். மணி நேரம் எழுதுவதற்கு முன் கையெழுத்து வாங்காதே. பஞ்ச் மெஷின் ஒன்று சொல்லி, ஓ.டி. சீட்டு இன்னொன்று சொன்னால், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

ராஜினாமாவுக்கு வருகிறேன். ராஜினாமா என்றால் ஆளே தன் கையால், தன் பாஷையில் எழுதியதாக இருக்க வேண்டும். அன்றைய தேதி, காரணம், கடைசி வேலை நாள் மூன்றும் வேண்டும். வாங்கிய அன்றே சீல் போட்டு ஒரு நகலை அவன் கையில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகையும், படித்துக் காட்டப்பட்டது என்ற வரியும், இரண்டு சாட்சியும் வேண்டும். ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி டைப் அடித்து, தேதியைக் காலியாக விட்டு, கேன்டீன் வாசலில் மேஜை போட்டு வாங்குவது ராஜினாமா இல்லை.

அது எதற்காக என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1981-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கு நெருங்கும்போதுதான் சில இடங்களில் தேதியில்லாத தாள் வெளியே வரும். நான்கு நாள் இடைவெளி காட்டி வேறு காண்ட்ராக்டர் பேரில் மறுபடி சேர்ப்பார்கள். அப்ரென்டிஸ் சட்டப்படி பதிவானவர் கதை வேறு. டிரெய்னி என்று பேர் மட்டும் வைத்து லைனில் நிறுத்தினால் அந்தப் பேர் கடைசிவரை காப்பாற்றாது.

வழக்கு வந்தால் கோர்ட்டில் நிர்வாகத் தரப்பு முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறுவது மேனேஜர் இல்லை. அவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். "பெற்றுக்கொண்டவர்" என்ற இடத்தில் யார் இனிஷியல் இருக்கிறதோ அவரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தவுடன் தப்பைப் பிடிக்கிற கண் உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே உண்டு. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவா இவ்வளவு படிக்க வைத்தோம்? மேலே இருப்பவர் வாய்மொழியாகச் சொன்னால் "சார், மெயிலில் அனுப்புங்க, செஞ்சிடறேன்" என்று சொல். பாதி விஷயம் அங்கேயே நின்றுவிடும். மீதிக்கு உன்னிடம் மெயில் இருக்கும்.

செல்வியக்கா மகன் கையெழுத்துப் போட்ட தாளுக்கு அவனிடம் நகல் இல்லையாம். ஒன்று எடுத்துக் கொடு. அதில் தேதி இருக்கிறதா என்றும் பார்.

யாராவது நிஜமாகவே போனால், விலகிய தேதியைப் போர்ட்டலில் அந்த மாதமே ஏற்று. அதை விட்டுவிட்டால் பி.எஃப். பணத்தை மாற்றவும் எடுக்கவும் அவர்கள் திண்டாட வேண்டும். மிச்ச இ.எல். (எடுக்காத சம்பள லீவு), போனஸ் பாக்கி, தகுதி இருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை), மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டு. மொத்தமாக ஒரு தொகை போட்டால் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஊர் ஆட்களுக்கெல்லாம் பி.எஃப். நாமினேஷன் போட்டுக் கொடுக்கிறாய், உன்னுடையதைப் போட்டாயா? என் போட்டோவையும் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது, நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆனால் அது செல்லாது, மறுபடி போட வேண்டும். அந்தப் பேச்சைப் பொங்கலுக்கு வரும்போது வைத்துக்கொள்கிறேன். வரும்போது உன் நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வா, நான் படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா