பொம்மை நகர்த்துவது வேலையா? சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

"அக்கா, பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா? அப்பா விளையாட்டு என்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். இந்த வேலைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓட்டினால் அது தானே அசைவதுபோல் தெரியும். இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வேறு தோட்டப்புறங்களிலும் இருப்பார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே உனக்கு எழுதுகிறேன்.

இயக்குநர் கியர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ' என்ற ஸ்டாப் மோஷன் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. 2022-இல் வந்தது, அரை மணி நேரம்தான். அதை உன் அப்பாவோடு, என் சித்தப்பாவோடு, உட்கார்ந்து பார். இயக்குநர் நன்றாகப் பேசுவார், கேட்கலாம். ஆனால் உங்கள் இருவரின் கண்ணும் குனிந்த தலையோடு வேலை செய்கிறவர்கள் மேல் இருக்கட்டும்.

ஒரு பொம்மை கேமரா முன்னால் வந்து நிற்பதற்குள் எத்தனை பேர் கை மாறுகிறது தெரியுமா? ஒருவர் களிமண்ணில் உருவம் பிடிப்பார். இன்னொருவர் அதற்கு உள்ளே போகும் எலும்புக்கூட்டை உலோகத்தில் செய்வார். தோள், முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டிலும் கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு குட்டி உருண்டை. அது இறுகி இருந்தால் பொம்மை அசையாது, தளர்ந்தால் தானாகச் சாய்ந்துவிடும். இதைக் கடைசல் இயந்திரத்தில் நின்றவருக்குத்தான் சொல்லாமலே புரியும். சித்தப்பா பட்டறையில் செய்வதும் இந்த ஜாதி வேலைதானே! அப்புறம் அச்சு எடுப்பவர், சிலிக்கோன் ஊற்றுபவர், சாயம் பூசுபவர், விரல் நீளச் சட்டை தைப்பவர். துணியின் ஓரத்துக்குள் மெல்லிய கம்பியை வைத்துத் தைப்பார்கள். கம்பி இருந்தால்தான் பாவாடை காற்றில் அலைவதை ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்திக் காட்ட முடியும். பினோக்கியோவில் சில பொம்மைகளின் தலைக்குள்ளே பற்சக்கரங்களே இருக்கின்றன. மேலே சிலிக்கோன் தோல். சக்கரத்தை ஒரு துளி திருப்பினால் உதடு ஒரு துளி அசையும். இவ்வளவு கைத்தொழில் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. இதை விளையாட்டு என்று சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 12 தடவை பொம்மையைத் தொட வேண்டும், நிமிடத்துக்கு 720 தடவை. பெரிய ஸ்டூடியோவிலேயே ஒருவர் ஒரு நாளில் சில விநாடிகளை முடித்தால் அது நல்ல நாள். 1963-இல் வந்த ஒரு படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாள் சண்டை போடும். ரே ஹாரிஹவுசன் என்ற ஸ்டாப் மோஷன் கலைஞர் செய்தது. அந்தச் சில நிமிடக் காட்சி அவரிடம் நாலரை மாதம் வாங்கியது.

இந்தப் பொறுமை நம் குடும்பத்துக்குப் புதிதில்லை. பாட்டி பால்மரம் வெட்டியதை நினைத்துக்கொள். கத்தி ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகச் சீவினால் பால் குறையும். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள், அதே மெல்லிய சீவல். அனிமேட்டரின் விரலும் அந்த அளவில்தான் நகர்கிறது.

கணினி வந்த பிறகு இதற்கு என்ன மதிப்பு என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் லைக்கா ஸ்டூடியோ பொம்மைகளின் முகங்களை முப்பரிமாண அச்சில் ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாற்றி மாட்டுகிறது. கணினி அங்கே கையோடு சேர்ந்து உழைக்கிறது. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்குப் பொம்மையின் ரோமம் திரையில் நெளிந்துகொண்டே இருக்கும். நகர்த்தியவர்களின் விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்ததுதான் காரணம். இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டூடியோ படங்களில் களிமண் முகங்களில் கைரேகையே தெரியும். எனக்கு அந்த ரேகைகள் மேல் தனிப் பிரியம். ஒரு மனிதர் இங்கே இருந்தார் என்று அவை சொல்கின்றன.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்" என்று சித்தப்பா சொல்வார். பினோக்கியோவின் பெரும்பகுதி அதே ஓரிகானின் போர்ட்லாண்டில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் கறுப்பு முயல்கள் வரும் காட்சிகளை மெக்சிகோவின் குவாடலஹாராவில் உள்ளூர் அனிமேட்டர்களே செய்தார்கள். அது டெல் டோரோ பிறந்த ஊர். நம் நாட்டையும் சொல்லு. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிகாயாட் சாங் கன்சில்' 1983-இல் வந்தது. ஃபிலெம் நெகாரா என்ற அரசாங்கப் பட நிறுவனத்தில் அதை இயக்கியவர் ஆனந்தம் சேவியர். அது வரைந்து எடுத்த படம், ஆனால் அதுவும் கைவேலைதான்.

சம்பள விஷயத்தை மறைக்க மாட்டேன். இங்கே அனிமேஷன் வேலை பெரும்பாலும் கணினியில்தான். ஸ்டாப் மோஷன் மட்டும் கற்றுக்கொண்டு மாதச் சம்பளத்தை எதிர்பார்க்காதே. கணினி அனிமேஷன் படி, கூடவே இதையும் விடாமல் செய். பொம்மையைக் கையால் நடக்க வைத்தவளுக்கு உடல் எடை எந்தக் காலில் விழுகிறது என்று தெரியும். கணினித் திரையிலும் அந்த அறிவுதான் உதவும்.

சரி, பத்து விநாடி எடுத்துப் பார். பொம்மைக்குள் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி வை. பாதத்தில் ஒரு நட்டு பதித்து, மேசைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கினால்தான் ஒற்றைக் காலில் நிற்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடு, வெயில் மாறினால் படம் மினுக்கும். கைத்தொலைபேசியை அசையாமல் கட்டி, வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டிவிடு. வெள்ளைச் சட்டை போடாதே, உன் மேல் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் விழும். படம் எடுக்கும் நேரம் ஃபேன் ஓடக்கூடாது. தகரக் கூரை வீட்டில் அது பெரிய கஷ்டம், பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண்ணான பிளாஸ்டிசினும் இளகத் தொடங்கும். அதனால் விடியற்காலையில் எடு.

தீபாவளிக்கு வரும்போது ஈப்போவில் கம்பியும் பிளாஸ்டிசினும் வாங்கி வருகிறேன், காசைப் பற்றி யோசிக்காதே. நட்டு, போல்ட்டைச் சித்தப்பாவிடம் கேள். எதற்கு என்று கேட்டால் பொம்மையின் பாதத்தைக் காட்டு. எந்த அளவு சரியாக இருக்கும் என்று அவரே சொல்வார்.

அன்புடன்,
அக்கா