ஹாலேயிலிருந்து அம்மம்மாவுக்கு

அன்புள்ள அம்மம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? போனில் கதைத்தால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். அம்மாவை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஜேர்மனியில் குளிர் போய்விட்டது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. டொச்சு மொழிதான் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று பால் பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு இந்த ஊரில் உள்ள பிராங்கே நிறுவனத்துக்குப் போனேன். 1698இல் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கின இடம். மேல்மாடியில், கூரைக்குக் கீழே, பழைய அலுமாரிகள் வரிசையாக நிற்கின்றன. சங்கு, சிப்பி, கூரையில் தொங்கும் முதலை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள், ஓர் ஓலைச்சுவடிக்கு முன்னால் நின்றுவிட்டேன். தமிழ் எழுத்து, அம்மம்மா! இணுவிலில் பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த ஏடு மாதிரியே.

இந்த ஊரில் படித்த சீகன்பால்கு என்ற லூதரன் கிறிஸ்தவப் போதகர் 1706இல் தரங்கம்பாடிக்குப் போய் இறங்கினாராம். அங்கே சின்னப் பிள்ளைகளோடு இருந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். வாசிக்கும்போது, நீங்கள் என்னை மடியில் வைத்து ஏடு தொடக்கின நாள் நினைவுக்கு வந்தது. பத்து வருசத்தில் அவர் எழுதின தமிழ் இலக்கணம் இதே ஹாலேயில் அச்சாகிவிட்டது, 1716இல். நான் இங்கே வந்து இரண்டு வருசமாகியும் கடையில் கதைக்கத் தயங்குகிறேன்.

ஆனால் எனக்கு அவரைவிட, அவருக்குப் பிறகு தரங்கம்பாடிக்குப் போன இருவரைத்தான் பிடித்தது. கேனிக் என்ற வைத்தியர், செடிகொடிகளுக்குப் பேர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து செடிகொடிகளைத் தேடித் திரிந்தார். பிறகு 1776இல் வந்தவர் றொட்லர். போதகர் வேலையோடு, போகிற வழியெல்லாம் செடி பறித்துக் காயவைத்துக் குறிப்பு எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த வழியில் கண்டவற்றை எழுதினது 1803இல் அச்சில் வந்தது. இலங்கைக்கும் வந்து செடி சேர்த்திருக்கிறார். கடைசிக் காலத்தில் தமிழ்–ஆங்கில அகராதி செய்தார். அது முழுதும் அச்சாக முன்னம், 1836இல் கண்ணை மூடிவிட்டார். செடியையும் சொல்லையும் ஒரே ஆள் அறுபது வருசம் சேர்த்திருக்கிறார், அம்மம்மா.

இல்லத்தில் தொண்ணூறு வயது ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவரைத் தள்ளுவண்டியில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால், புல்லுக்குள் கையைக் காட்டி ஒவ்வொரு இலைக்கும் பேர் சொல்வார். எங்கள் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற ஓர் இலை. அதைக் காயவைத்துத் தேத்தண்ணி போடுவார்களாம். நேற்று என்னிடம், உங்கள் ஊரில் என்ன இலை சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, தூதுவளை, முருங்கை என்று சொல்லிக்கொண்டு போனேன். அதற்கு மேல் வரவில்லை. கிணற்றடியில் நின்ற, நாக்கில் வைத்தால் புளிக்கிற அந்தச் சின்ன இலை என்ன? வேலிக் கதியாலில் படர்ந்த ஊதாப்பூக் கொடி என்ன? காய்ச்சலுக்கு அவித்துத் தந்தீர்களே, அது? இலையும் மணமும் நினைவிருக்கிறது, பேர்தான் இல்லை. இரவு முழுக்க அதே யோசனை.

அதனால் ஒரு உதவி. தம்பியை வளவு முழுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் ஒவ்வொரு செடியையும் படம் எடுக்கட்டும். நீங்கள் பேரையும், எதற்கு அவிப்பது, எதோடு வறுப்பது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, உங்கள் எழுத்திலேயே வேண்டும். மழை இல்லாமல் சிலது காய்ந்துபோயிருக்கும். அவற்றின் பேரையும் விடாதீர்கள். கிணற்றடியிலிருந்து தொடங்குங்கள்.

அன்பு முத்தங்களுடன்,
உங்கள் பேத்தி