பாடப்பிரிவு என்ற அந்த ஒரு கட்டம்

நெல்லைச் சீமையின் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வரும் பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். நானும் இந்த ஊரில் பி.ஏ. வரலாறு படித்தவன்தான்.

போன மே மாதம் முக்கூடலில் இருந்து ஒரு பிள்ளை அம்மாவோடு வந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். பெயர், மார்க், சாதிச் சான்று எல்லாம் மளமளவென்று முடிந்தது. பாடப்பிரிவு என்ற கட்டத்தில் வந்து நின்றது.

"அண்ணாச்சி, எனக்கு வரலாறும் வேணும், தாவரவியலும் வேணும். ரெண்டும் சேந்தாப்ல ஒண்ணும் இல்லியா?"

"ஏட்டி, சட்டுனு ஒண்ணச் சொல்லு, பின்னாடி ஆளு நிக்கி" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "எது படிச்சா வேல கெடைக்குமோ அதப் போடுங்க அண்ணாச்சி" என்றார். கடைசியில் பி.காம். போட்டோம். என் கடையில் தயங்குகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேருகிற இடம் அது.

அந்தப் பிள்ளை கேட்டது கிறுக்குத்தனமான கேள்வி இல்லை. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, கி.மு. 1155 என்று காலம் கணித்து வாங்கினோம். 2021-இல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள், ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். அந்த நெல்லைப் பற்றி நாலு வார்த்தை உருப்படியாகப் பேச என்னென்ன தெரிய வேண்டும்? அது என்ன வகைப் பயிர் என்று சொல்லத் தாவரவியல். அதிலுள்ள கார்பன் 14 சுமார் 5730 ஆண்டுக்கொரு முறை பாதியாகக் குறையும் என்ற கணக்குக்கு இயற்பியல். தாழியில் பிணத்தோடு நெல்லை ஏன் வைத்தார்கள் என்று கேட்க வரலாறும் தமிழும். தாமிரபரணி ஆற்றுக்குத் தென்கரையில் ஆதிச்சநல்லூர், வடகரையில் சிவகளை, இரண்டும் தாழி கிடைத்த ஊர்கள். நம் கல்லூரிகளிலோ இந்தத் துறைகள் வேறு வேறு மாடியில் இருக்கின்றன, ஒரே பிள்ளை இரண்டு மாடி ஏற வழியில்லை.

இப்படிப் பல துறைகளைச் சேர்த்துப் படிப்பதற்கு வெளியூரில் லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர். தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். 'தாராளக் கலை' என்றால் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன். சோனிபட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் இதைத்தான் ஆண்டுக்குப் பல லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகின்றன. ஐம்பது ரூபாய் விண்ணப்பக் கட்டணத்துக்கே சில்லறை எண்ணுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது.

'நான் மேஜர் எலெக்டிவ் (மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வெளியே ஒரு விருப்பத் தாள்) கொடுத்திருக்கிறோமே' என்பீர்கள். நானும் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பவன், தெரியும். வாரம் இரண்டு மணி, அதுவும் பெரும்பாலும் எந்தத் துறையில் ஆள் சும்மா இருக்கிறதோ அந்தத் துறையின் தாள். அலைடு என்கிற துணைப்பாடம் என்றால் வரலாற்றுக்கு அரசியலோ பொருளாதாரமோ என்று முன்னாலேயே எழுதிவைத்தது. பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.

1990-இல் நம் பல்கலைக்கழகத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள். மனோன்மணீயம் சுந்தரனார். அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர், நெல்லையிலும் பாடம் சொன்னவர். கல்வெட்டுகளைக் கொண்டு திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தார், 1891-இல் 'மனோன்மணீயம்' என்ற கவிதை நாடகம் அச்சிட்டார். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்ததைத்தான் தமிழ்த்தாய் வாழ்த்தாக உங்கள் கல்லூரி விழாக்களில் எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறீர்கள். இன்றைய கணக்குப்படி அவருக்குக் கல்வெட்டும் நாடகமும் நான் மேஜர்.

நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. முதல் ஆண்டில் மேஜர் என்று ஒன்றும் வேண்டாம். தமிழ், ஆங்கிலம் போக மீதி நேரத்தில் ஒரு வரலாறு, ஒரு அறிவியல், ஒரு கணக்கு அல்லது புள்ளியியல், ஒரு சமூகப் பாடம் என்று படிக்கட்டும். மூன்றாம் செமஸ்டரில் மேஜரைத் தேர்ந்தெடுக்கட்டும். சான்றிதழில் மட்டும் பழையபடி 'பி.ஏ. வரலாறு' என்றே அச்சாக வேண்டும். தயவுசெய்து புதுப்பெயர் வைக்காதீர்கள். என் சித்தி மகன் கேட்க அழகாக இருந்த ஒரு பட்டம் வாங்கினான். ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில், இது வழக்கமான பட்டத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஏதேனும் ஒரு பட்டம்' போதும் என்கிற குரூப் தேர்வுகளுக்குப் பாதகமில்லை, வாத்தியார் வேலைக்குப் பெயர்தான் எல்லாம். இளங்கலை ஒன்று முதுகலை வேறு என்றாலே 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்குகிற ஊர் இது. புதுப்பெயர் வைத்தே தீர்வோம் என்றால் அரசாணை கையில் வந்த பிறகு அட்மிஷன் போடுங்கள்.

உங்கள் கஷ்டமும் தெரியாமலில்லை. பிள்ளைகள் இஷ்டப்படி எடுத்தால் சில துறைகளுக்கு மணிநேரம் குறையும். மணிநேரம் குறைந்தால் ஒர்க்லோடு குறையும், போஸ்ட் போகும். அதனால்தான் அலைடு தாளை ஒவ்வொரு துறையும் வயலுக்கு வரப்புக் கட்டுவது போலக் காக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த மணிநேரத்தை நம்பி கௌரவ விரிவுரையாளர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் முதல் ஆண்டை எல்லாத் துறைக்கும் பொதுவாக்கினால் ஆள் வராத துறைக்கும் வகுப்பறை நிறையுமே? தத்துவத்துக்கும் புவியியலுக்கும் இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

(தேசியக் கல்விக் கொள்கையை நான் இதில் இழுக்கவில்லை. அதில் வரும் நான்காவது ஆண்டும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்கே எங்கள் வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது.)

தன்னாட்சிக் கல்லூரிகளின் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவரும் பழைய மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பழைய மாணவர் முதுகலை முடித்திருக்க வேண்டுமாம், நான் வெறும் பி.ஏ. ஆனால் கூட்டத்தன்று அஜெண்டாவை ஜெராக்ஸ் எடுக்க எப்படியும் கடைக்கு ஆள் அனுப்புவீர்கள். அன்றைக்கு இந்த மடலையும் ஆளுக்கொரு பிரதி போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்