தம்பலகாமத்து வயலும் உன் காஸ்பேஸும்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது. மாமியின் காணி விஷயம் இன்னும் இழுபடுகிறது. அம்மா போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை வாசித்து முடித்தேன். உன் பெயர் இருக்கும் பக்கத்தை அம்மா சாமிப்படத்துக்கு அருகில் வைத்திருக்கிறாள். நான் உயர்தர வகுப்பில் படிப்பித்தபோது கலம் செத்தால் கிருமி வென்றது என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் சொல்வது வேறு. பற்றீரியா கலத்தின் குழியவுருவுக்குள் வந்ததும் காஸ்பேஸ்-11 என்ற நொதியம் அதன் வெளிச்சவ்விலுள்ள லிப்போபொலிசக்கரைட்டை உணர்ந்து, காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது. அந்தத் துண்டு மென்சவ்வில் துளை போட, கலம் வெடித்துச் சாகிறது. ஒளிந்திருந்த கிருமி நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்களிடம் மாட்டுகிறது. காஸ்டெர்மினின் இந்த வேலை 2015இல்தான் தெரியவந்ததாம். நல்லவேளை, அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன்.

காஸ்பேஸ்-11 இல்லாத எலிகளை, மற்ற எலிகளை ஒன்றும் செய்யாத பேர்க்கோல்டேரியா தைலாண்டென்சிஸ் என்ற பற்றீரியாவே கொன்றுவிடுகிறது. அதன் பொல்லாத உறவு சூடோமாலேய் எங்கள் வயல் மண்ணிலும் சேற்றுநீரிலும் இருப்பது. சீனி வருத்தக்காரரைத்தான் அது அதிகம் பிடிக்கும். இதையெல்லாம் உனக்கே சொல்கிறேன், பார்.

இவ்வளவு தெரிந்த பிள்ளை, மார்கழி மழையில், வெடித்த குதிக்காலோடு, செருப்பில்லாமல் தம்பலகாமத்து வயலில் இறங்கலாமா? பெரியப்பா கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதா?

காய்ச்சல் என்று தம்பி வாய்தவறிச் சொன்னான். அவனை ஏசாதே. சாதாரணத் தடிமனாகவும் இருக்கலாம். ஆனால் அங்குள்ள வைத்தியருக்கு அந்தச் சூடோமாலேய் கொடுக்கும் மெலியோய்டோசிஸ் நோய் நினைவுக்கே வராது. இலங்கை வயலில் நின்றேன் என்று நீயே வாய்திறந்து சொல். இரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடு. ஆய்வுகூடத்துக்கும் சொல்லிவை, இல்லாவிட்டால் வேறு கிருமி என்றோ மாசு என்றோ ஒதுக்கிவிடுவார்கள். பென்சிலின், ஜென்டமைசின் இதற்குக் கேட்காது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் நாளத்தில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் கோட்ரிமோக்சசோல் குடிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காட்டிவிடும், சிலரிடம் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று இருந்துவிடாதே.

இன்சுலின் ஒழுங்காகப் போடுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் ஆய்வுகூடத்தில் தனியே இருக்காதே. சீனி எவ்வளவு என்று எழுது, கூடியிருந்தாலும் உள்ளதை எழுது. நான் ஏசமாட்டேன். அம்மா ஏசுவாள், அது வேறு.

வியாழக்கிழமை போன் எடு. கல்ச்சர் முடிவு வராவிட்டாலும் எடு. குதிக்காலையும் வைத்தியரிடம் காட்டு.

அப்பா