கம்பி எங்கே, தம்பி?

கல்லடி, மட்டக்களப்பு
வெள்ளி இரவு

அன்பின் மச்சான்,

உன் குரல் பதிவு மூன்றும் கிடைத்தன. பதிலுக்கு நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது கூடிப் போச்சு, அதுவும் கேட்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் கரைச்சல், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய தைலத்தை அவ பூசுவதை விட, வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பிம் படிக்கிறேன், கட்டடத்தைக் கோடாக வரையாமல் கணினிக்குள் முழுதாகக் கட்டிப் பார்க்கிற அந்த முறைதான்.

தோஹாவுக்குப் போன புதிதில் நீ எழுதியிருந்தாய்: கிழமைக்கு ஒரு நாள் எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எந்தக் குழாய் எந்தப் பீமில் இடிக்கிறது என்று பார்ப்போம், அதற்குப் பெயர் க்ளாஷ் மீட்டிங் என்று. "குழாய் இடித்தால் மேசன் உளியை எடுப்பான், இதற்கொரு மீட்டிங்கா?" என்று நான் பதில் போட்டேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தொடங்கி வைத்தது மகள்தான். ஒலுவிலில் பொறியியல் இரண்டாம் வருஷம். இருக்கிற ஒரு கட்டடத்தை அளந்து, பிம் செய்கிற சொப்ட்வெயரான ரெவிட்டில் மொடல் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அது நான். மாணவர் உரிமம் என்பதால் அதில் கூலி வேலை செய்யக் கூடாது, நானும் செய்யவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பழகுகிறேன். முதல் கிழமை அவள் எனக்குச் சொல்லித் தந்தாள், இரண்டாம் கிழமை கத்தினாள்.

நாம் 1996இல் ரீ ஸ்குவயரை வைத்து டிரேசிங் தாளில் கோடு போட்டு, பிழைத்தால் பிளேட்டால் சுரண்டிய காலத்தில், கணினியில் படம் வரைகிற ஓட்டோகாட்டுக்கு வயது பதினான்கு. 1982இல் வந்த சாமான் அது. என் கைக்கு வந்து சேர்ந்தது சுனாமிக்குப் பிறகு. வந்தும் நான் செய்தது என்ன? கையால் போட்ட கோட்டை மவுஸால் போட்டேன். அது சுவரா, ஜன்னலா, வேலியா என்று அந்தக் கோட்டுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், பார்க்கிறவனும் ஊகித்துக்கொள்வான், அவ்வளவுதான்.

சுனாமி வீட்டுத் திட்டம் ஒன்றில் நான் வாங்கிக் கட்டியது உனக்கு நினைவிருக்கும். பதினெட்டு வீடு, ஒரே பிளான். ஜன்னல் அகலத்தை 4 அடியிலிருந்து மூன்றரை அடியாகக் குறைக்கச் சொன்னார்கள். தரைப் படத்தில் மாற்றினேன், முன்தோற்றத்தில் மாற்றினேன், வெட்டுத் தோற்றத்தில் மாற்றினேன். கதவு ஜன்னல் அட்டவணையில் மட்டும் மறந்துவிட்டேன். தச்சன் எதைப் பார்ப்பான்? அட்டவணையைத்தான். முப்பத்தாறு நிலை, எல்லாம் 4 அடி. மேசன் விட்ட வாயோ மூன்றரை அடி. அந்த மாதச் சம்பளத்தில் பாதி எங்கே போனது என்று மனைவிக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

போன கிழமை ரெவிட்டில் எங்கள் முன்னறை ஜன்னலைத் தொட்டு அகலத்தை மாற்றினேன். தரைப் படம், முன்தோற்றம், வெட்டு, அட்டவணை எல்லாம் தானாக மாறின. மாறின என்று சொல்வதும் பிழை. அங்கே இருப்பது ஒரு ஜன்னல்தான். மற்றதெல்லாம் அந்த ஒன்றைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பது. மகளுக்கு இதில் ஒன்றும் புதினமில்லை. நான் எழும்பி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் சும்மா விடுகிற சாமான் இல்லை மச்சான். சுவர் போட்டால் உயரம் எவ்வளவு, எந்த லெவலில் தொடங்கி எதில் முடிகிறது, உள்ளே கல்லா பிளொக்கா, பூச்சு எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அளந்த அளவை அப்படியே போட்டேன். கோடு அச்சிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது என்று மஞ்சள் பெட்டியில் எச்சரிக்கை வந்தது. சொப்ட்வெயருக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். திரும்ப அளந்தால் குசினிச் சுவர் ஓட்டத்தில் உண்மையாகவே கொஞ்சம் கோணியிருக்கிறது. நானே வரைந்து, நானே நின்று கட்டிய வீடு!

கதவுகளைப் பற்றி ஒரு முறைப்பாடு. அதற்குள் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கதவு. நம்முடைய இரட்டைக் கதவும் நிலையும், கம்பி போட்ட ஜன்னலும் கிடையாது. ஒவ்வொன்றாகச் செய்கிறோம். உன்னிடம் இப்படிச் செய்து வைத்த கதவு ஜன்னல் ஃபெமிலி பைல் ஏதும் இருந்தால் அனுப்பு.

கணக்குப் பக்கம் எனக்குப் பிடித்தது. மேல்மாடி போட்டால் என்ன செலவு முடியும் என்று சிலாப், பீம், கொலம் என்கிற தூண் எல்லாம் மொடலில் வைத்தோம். கொங்கிறீற்று 10 கன மீற்றர் என்றது. பீமும் சிலாப்பும் சேரும் இடத்தை ஒழுங்காக இணைக்காவிட்டால் அதே கொங்கிறீற்றை இரண்டு தடவை எண்ணிவிடும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இங்கே மணல்காரனிடம் போய்க் கன மீற்றர் என்று சொல்ல முடியுமா? அவனுக்குக் கியூப்தான். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவைக்கு, சிந்துகிறது சிதறுகிறதை விட்டுவிட்டு, சீமெந்து 63 பை, மணல் ஒன்றரைக் கியூப், கல் மூன்று கியூப் என்று கடைசியில் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால்தான் பெருக்கிப் பிரித்தேன்.

இனித்தான் சொல்ல வந்த கதை. நம்ம ஆரையம்பதி மேசன் அண்ணன் வந்திருந்தார். பெருமையாக அந்த மேல்மாடியைத் திரையில் சுழற்றிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. கம்பி எங்க, தம்பி?"

கம்பி போடவில்லை. சாம்பல் நிறத்தில் கொங்கிறீற்று மட்டும்தான். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அடுத்த மூன்று இரவு கம்பி கட்டினேன். நம்முடைய வழக்கமான அளவுதான்: கொலம் 9 அங்குலம், பீமும் 9 அங்குல அகலம். கடல் பக்கம் என்பதால் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கிற கொங்கிறீற்றுத் தடிப்பு, 40 மில்லிமீற்றர், இரண்டுக்கும் ஒன்றே. முடித்துவிட்டு மூலைக் கொலத்தின் தலையைப் பெருப்பித்துப் பார்த்தேன். பீமின் மேல் கம்பி கொலத்தின் கம்பிக்குள்ளேயே புகுந்து போகிறது. அது மட்டுமா, மற்றப் பக்கத்திலிருந்து வருகிற பீமுக்கும் அதே உயரம், அதன் கம்பியும் அங்கேதான் வருகிறது. ஒரே இடத்தில் மூன்று கம்பி.

யோசித்துப் பார். அகலமும் ஒன்று, கவரும் ஒன்று என்றால் முட்டத்தானே வேண்டும்? எத்தனை வருஷமாக நான் பீம் வெட்டுத் தோற்றம் ஒரு மூலையிலும் கொலம் வெட்டுத் தோற்றம் இன்னொரு மூலையிலும் வரைந்து கொடுத்திருக்கிறேன்! இரண்டும் சந்திக்கிற இடத்தை ஒரு நாளும் வரைந்ததில்லை. நீயும் வரைந்திருக்க மாட்டாய்.

படத்தைப் போனில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இதத்தானே முப்பது வருஷமா ஒரு விரல் உள்ளுக்கு நெளிச்சுப் போடுறன். ஒருக்காவாச்சும் உங்கட பிளான்ல இருந்திச்சா?"

இல்லைதான். நாங்கள் விட்ட இடத்தையெல்லாம் அந்த மனுசன் கையால் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார், நாங்கள் படத்தில் கையொப்பம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நெளிப்பதாவது பரவாயில்லை. இரண்டு பீம் குறுக்கே போகும்போது ஒன்றின் கம்பியைக் கீழே இறக்கத்தான் வேண்டும். 12 அங்குலப் பீமில் ஒரு கம்பித் தடிப்பு இறங்கினால் அந்தப் பீமின் பலமும் குறையும். எதை இறக்குவது என்று தீர்மானிக்க வேண்டியது எஞ்சினியர். தீர்மானித்தது மேசன் அண்ணன், வெயிலில், சாரக்கட்டில் நின்றபடி. எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று கேட்டேன். "முதல்ல கட்டின கம்பி கீழ, பிறகு கட்டினது மேல" என்றார்.

நேற்றுப் பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தில் நின்றேன். 1924இல் திறந்தது. பக்கத்தில் 2013இல் வந்த புதுப் பாலத்தில் வாகனம் போய்க்கொண்டிருக்க, நான் இரும்புச் சட்டங்கள் சேருகிற இடத்தில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரும்பு வேலையில் ஓட்டை எங்கே என்பது வரை முன்பே முடிவெடுத்தாக வேண்டும். பூட்டும்போது நெளிக்க முடியாது. கொங்கிறீற்றுக்காரர் நமக்குத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. மகள் வந்து, "அப்பா, இதையும் மொடல் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டாள்.

சைட்டில் எல்லாருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு அறை, ஒரு மதில் கட்டுகிறவனுக்குப் பழைய தாளே காணும். அதோடு எங்கள் மடிக்கணினிக்கு 8 ஜீபி. கம்பி எல்லாவற்றையும் திறந்தால் விசிறி மிக்ஸி மாதிரிக் கத்துகிறது. ஆனாலும் நான் விடப் போவதில்லை. பீமும் கொலமும் சேரும் அந்த மூட்டுப் பகுதியை மட்டும் பெரிதாக எடுத்து, தாளில் அச்சடித்து, இனி என் பிளான் ஒவ்வொன்றோடும் வைப்பதாக இருக்கிறேன்.

அதற்குத்தான் உன்னிடம் ஒரு கேள்வி. கேட்கச் சொன்னதே மேசன் அண்ணன்தான். அங்கே இரண்டு பீம் குறுக்கே வரும்போது எந்தப் பீமின் கம்பியை மேலே வைக்கிறீர்கள்? கூடப் பாரம் வருகிறதையா, நீளமானதையா? மொடலில் அப்படி ஒரு மூட்டுப் பகுதியைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்ப வருவார்.

உன் பழைய கூட்டாளி