மாப்பை யார் கழுவுவது?

அன்புள்ள ஜெயா,

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. மணிக்கட்டை முறுக்கும் வேலை எதுவும் இன்னும் சில மாதம் கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. வாளியில் மாப்பை முக்கிப் பிழிவதைவிட மணிக்கட்டை முறுக்கும் வேலை வீட்டில் வேறென்ன இருக்கிறது? ரோபோ வாக்குவம் எல்லாம் வீண் செலவு என்று உன் அக்கா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. வேண்டிய நேரத்தில்தான் வாங்குகிறாய்.

எங்கள் பக்கத்துச் செய்தி என்றால், சின்னவனுக்கு வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டான். அவன் அறையை நான் பாட்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் பாடுகிற நேரத்தில்தான் எங்கள் மெஷின் ஹாலைப் பெருக்கித் துடைக்கும். அதோடு பழகிப்போனதால், மூன்று ரோபோ வாக்குவத்தில் எதை வாங்கலாம் என்ற உன் கேள்வி எனக்கும் பிடித்த கேள்வியாகிவிட்டது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ குறித்து அனுப்பிய மூன்றுமே உயர்ந்த ரகம். மூன்றும் பெருக்கும், துடைக்கும், டாக்குக்கு, அதாவது சார்ஜ் ஏறுவதற்காக நிற்கும் பெட்டிக்கு, தானே திரும்பிப் போய்க் குப்பையைக் கொட்டும். நீ ஒவ்வொன்றின் உறிஞ்சும் அழுத்தத்தையும் பாஸ்கல் கணக்கில் எழுதி, பெரிய எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய். அந்த வட்டத்தை அழித்துவிடு, ஜெயா. உன் நிலைமையில் பார்க்க வேண்டியது, துடைத்து முடித்த பிறகு அந்த மாப்பை யார் கழுவுவது என்பதைத்தான். மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால்.

பாஸ்கலை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்று கேட்பாய். ரோபோராக் கம்பெனியை மட்டும் எடுத்துக்கொள். 2021இல் வந்த எஸ்7 மாடலில் உறிஞ்சும் அழுத்தம் 2,500 பாஸ்கல். 2024இல் எஸ்8 மேக்ஸ்வி அல்ட்ராவில் 10,000. 2025இல் சாரோஸ் 10 வந்தபோது 22,000. நாலு வருஷத்தில் எண் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு ஏறிவிட்டது. தரை ஒன்பது மடங்கு சுத்தமாகிவிடவில்லை. மோட்டார் உச்சத்தில் ஓடும்போது கிடைக்கிற எண் அது. அப்படி ஓட்டினால் சத்தமும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அன்றாடம் நடு வேகத்தில்தான் விடுவோம். அதோடு, அழுத்தம் மட்டும் தூசியைத் தூக்கிவிடாது. காற்று எவ்வளவு ஓடுகிறது, பிரஷ் தரையோடு எப்படிப் படிகிறது, அடியில் எங்கே கசிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் வேலை நடக்கும். டைல்ஸில் கிடக்கும் தூசிக்கும் மணலுக்கும் அந்தப் பழைய 2,500 பாஸ்கலே போதும். தடித்த கார்பெட் வீடு முழுக்க இருந்தால் கதை வேறு. உன் ஹாலில் மட்டும்தான் ஒன்று விரித்திருக்கிறாய்.

உன் வீட்டில் பெரிய குப்பை உன் பெண்ணின் நீள முடியும் நாயின் ரோமமும்தான். அதற்கு உருளைப் பிரஷ்ஷின் அமைப்பு முக்கியம். அடர்த்தியான நார் வைத்த பழைய மாதிரி பிரஷ்ஷில் முடி சுற்றி இறுகிவிடும், கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுக்க வேண்டும். உன் கை இப்போது இருக்கிற நிலையில் அது ஆகாது. ரப்பர் உருளை உள்ளதையோ, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக வருவதையோ பார். இரண்டு துண்டாக வருவதில் முடி நடுப்பக்கம் நகர்ந்து உள்ளே போய்விடும்.

இப்போது மாப். தொடக்ககால மெஷின்கள் ஓர் ஈரத்துணியைப் பின்னால் ஒட்டிக்கொண்டு இழுத்துப் போயின. முதல் அறையில் எடுத்த அழுக்கு கடைசி அறைவரை கூடவே வரும். அப்புறம் அதிரும் துணி வந்தது. நான் சொன்ன எஸ்7இல் அது நிமிடத்துக்கு 3,000 முறை வரை அதிரும். காய்ந்த கறையைத் தேய்க்க அது நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் வீடு முழுக்க அதே துணிதான். பெரிய மாற்றம் மெஷினில் வரவில்லை, அது போய் நிற்கிற டாக்கில் வந்தது. பாதி வேலையில் திரும்பி வந்து, மாப்பைக் கழுவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஏற்பாடு அது. நார்வால் கம்பெனி பெயர் வாங்கியதே இதில்தான். இன்று விலை கூடிய மாடல் எதை எடுத்தாலும் இது இருக்கும். எப்படிச் செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

உன் பட்டியலில் முதல் மாடல், வட்ட மாப் இரண்டு சுழலும் வகை. இரண்டாவது உருளை மாப். வட்ட மாப் தரையை அழுத்திச் சுழன்று நன்றாகத் தேய்க்கும், ஆனால் டாக்குக்கு வந்தால்தான் கழுவப்படும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும், அல்லது ஒவ்வோர் அறைக்கும் வர வேண்டுமா என்பதை ஆப்பில் சொல்லிவைக்கலாம். உருளை மாப்பில் ஓடும்போதே கழுவல் நடக்கிறது. ஒரு பக்கம் சுத்தத் தண்ணீர் உருளைமேல் விழும். மறுபக்கம் ஒரு பட்டை அழுக்குத் தண்ணீரை வழித்து மெஷினுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் சேர்க்கும். தரையைத் தொடுகிற துணி அந்த நிமிடம் கழுவியதாகவே இருக்கும். 2025இல் வந்த எகோவாக்ஸ் எக்ஸ்8 புரோ ஆம்னியில் இருப்பது இந்த வகை உருளைதான். தரை எவ்வளவு சுத்தமாகிறது என்று மட்டும் பார்த்தால், நான் தயங்காமல் உருளையைத்தான் சொல்வேன்.

ஆனால் உனக்கு வட்ட மாப்தான் சரி என்று நினைக்கிறேன். உருளை மெஷினுக்குள் உறுப்புகள் அதிகம். அந்தப் பட்டையில் முடி சேரும், உள் தொட்டியில் வண்டல் படியும், உருளையை அவ்வப்போது கழற்றி அலசிவிட வேண்டும். நாயும் நீள முடியும் உள்ள வீட்டில் இது அடிக்கடி வரும் வேலை. வட்ட மாப்பைப் பிடித்து இழுத்தால் கழன்று வந்துவிடும். வாஷிங் மெஷினில் போட்டுவிடலாம், பிழிய வேண்டியதே இல்லை. தரை சுத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உன் மணிக்கட்டைக் காப்பாற்றுவதில் எனக்குச் சம்மதம்.

டாக்கில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மாப்பை வெந்நீரில் கழுவுகிறதா என்று பார். வெறும் குளிர்ந்த தண்ணீரில் பிசுக்கு முழுதும் போகாது. கழுவியபின் சூடான காற்றில் காய வைக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஈரமாகவே கிடந்தால் மறுநாளே நாற்றம் எடுக்கும். காய்வதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், ஆகவே மாமியார் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் டாக்கை வைக்காதே.

தொட்டியின் எடையையும் யோசி. டாக்கில் சுத்தத் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நான்கு லிட்டர் அளவில் இருக்கும், அழுக்குத் தண்ணீர்த் தொட்டி அதைவிடக் கொஞ்சம் சின்னது. நிறைந்தால் நான்கு கிலோ ஒரே கைப்பிடியில் தொங்கும். அதைத் தூக்கிச் சாய்த்துக் கொட்டுவதும் மணிக்கட்டு வேலைதான். சில மாடல்களில் டாக்கையே தண்ணீர்க் குழாயோடும் கழிவுநீர்க் குழாயோடும் இணைத்துவிடும் வசதி உண்டு. அது முடிகிற வீடு என்றால் உனக்கு அதைப்போல நிம்மதி வேறில்லை. முடியாவிட்டால் நிறையும்வரை காத்திருக்காமல் தினமும் பாதித் தொட்டியிலேயே கொட்டச் சொல்லி உன் பெண்ணிடம் ஒப்படைத்துவிடு. அழுக்குத் தண்ணீரை நாள்கணக்கில் விட்டுவைத்தால் டாக்கே நாறும், அதற்கு எந்த உயர்ந்த மாடலும் விதிவிலக்கில்லை. சோப்புத் திரவமும் அவர்கள் சொல்கிற, நுரை வராத வகையாக இருக்கட்டும்.

மாமியார் வாக்கர் பிடித்து நடக்கிறார் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஈரத்தரையும் அவருக்கு ஆபத்து, நடைபாதையில் குறுக்கே வரும் மெஷினும் ஆபத்து. தண்ணீர் அளவை ஆப்பில் குறைத்து வை. அவர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அட்டவணை போடு. முதலில் அவர் அறை, பிறகு மற்றவை என்று வரிசையையும் நீயே தீர்மானிக்கலாம். தரை காயும்வரை அவர் எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

ஹால் கார்பெட்டுக்கு வருகிறேன். பல மெஷின்கள் கார்பெட்டைக் கண்டதும் மாப்பை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். மெல்லிய விரிப்புக்கு அது போதும். இழை உயரமாக இருந்தால் ஈரம் உரசத்தான் செய்யும். ட்ரீமியின் எக்ஸ் வரிசையிலும் ரோபோராக்கின் சாரோஸ் 10ஆரிலும் மாப்பை டாக்கிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கார்பெட்டுக்குப் போகும் வசதி இருக்கிறது. நாய் படுத்துப் புரளும் விரிப்பு நனையாமல் இருப்பது நல்லது என்பதால், எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

வழி கண்டுபிடிப்பதைப் பற்றிக் கவலைப்படாதே. 2002இல் வந்த முதல் ரூம்பா முட்டி முட்டித் திரும்பித்தான் வீட்டைச் சுற்றியது. 2010இல் நியாட்டோ கம்பெனி லேசர் வைத்து அறையை அளந்து வரைபடம் போடும் மெஷினைத் தந்தது. இன்று நீ பார்க்கும் ரகத்தில் எல்லாமே வரைபடம் போட்டு வரிசையாக ஓடும். லேசருக்காகத் தலையில் வட்டக் கோபுரம் வைத்தவை கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் உயரம் வரும். கோபுரம் இல்லாத சாரோஸ் 10ஆர் எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உன் சோபாவின் அடியில் எந்த உயரம் நுழையும் என்பதைப் பொறுத்தது இது.

அந்த நியாட்டோ 2023இல் மூடப்பட்டுவிட்டது. ரூம்பா தயாரித்த ஐரோபோட் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. இதைச் சொல்லக் காரணம், இந்த மெஷின்கள் வாங்கிய நாளோடு முடிவதில்லை. குப்பைப் பை, ஃபில்டர், ஓரப் பிரஷ், மாப் துணி எல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பும் கம்பெனியின் சர்வரை நம்பித்தான் ஓடுகிறது. இரண்டு தலைமுறைக்கு முந்தைய மாடலுக்கு இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறதா என்று பார். கம்பெனியின் குணம் அதில் தெரிந்துவிடும்.

கேமரா வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நாய் இருக்கிற வீட்டுக்கு வேண்டும். அது எங்காவது அசிங்கம் செய்துவைத்து, மெஷின் அதன்மேல் ஏறிவிட்டால் வீடு முழுக்கப் பூசிவிடும். முன்பக்கக் கேமராவும் ஒளி சென்சாரும் உள்ளவை பெரும்பாலும் விலகிப் போகும், தரையில் கிடக்கும் ஒயரையும் தவிர்க்கும். ஆனால் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ ஒரு செய்தி வெளியிட்டது. சோதனைக்காகச் சிலரிடம் கொடுத்திருந்த ரூம்பா மெஷின்கள் 2020இல் எடுத்த படங்கள், ஒரு பெண் கழிப்பறையில் இருக்கும் படம் உட்பட, இணையத்தில் கசிந்த செய்தி அது. கடையில் விற்றவை அல்ல அவை, என்றாலும் வீட்டுக்குள் உலவும் கேமரா என்ன செய்யக்கூடும் என்பது அதில் புரிகிறது. தூரத்திலிருந்து வீடியோ பார்க்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடு. குளியலறைப் பக்கம் போகக் கூடாது என்று வரைபடத்தில் தடை போடு. உன் பெண்ணின் அறையை அவளையே கேட்டுத் தீர்மானி.

மூன்றாவது மாடலில் மடங்கும் கை ஒன்று வருகிறதே, அதை விட்டுவிடு. சாரோஸ் இசட்70 தரையில் கிடக்கும் சாக்ஸ் போன்றவற்றை 300 கிராம் எடைவரை தூக்கி வைக்கும். அழகான யோசனைதான். அதற்காகக் கூடுதல் பணம் போடுவதைவிடக் குழாய் இணைப்புள்ள டாக்கில் போடு.

ஆக, முதல் மாடலை வாங்கு என்பது என் எண்ணம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்து எனக்கு எழுது: சோபாவின் அடி உயரம், அறைகளுக்கு நடுவே இருக்கும் நிலைப்படிகளின் உயரம், டாக் வைக்க நினைக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு உள்ள தூரம். நிலைப்படி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடனே சொல். எல்லா மாடலும் அதை ஏறாது, பட்டியலையே மாற்ற வேண்டியிருக்கலாம். கையைப் பார்த்துக்கொள், பயிற்சியை விட்டுவிடாதே. மாமியாரிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன் பெண்ணின் புதுக் கல்லூரி பற்றி ஒன்றுமே எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் அதைத்தான் முதலில் எதிர்பார்ப்பேன்.

அன்புடன்,
கௌரி